கடைசியாகக் கை வைத்தது எங்கே?

நம் இதழின் கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே அச்சில்தான் இருக்கும். ‘ஐயா, என் தோட்டத்தில் மிளகாய்ச் செடி இலை சுருள்கிறது. என்ன மருந்து அடிக்கலாம்?’ ‘கரும்பு மஞ்சளாக இருக்கிறது. என்ன உரம் போடலாம்?’ இவ்வளவுதான். ஊர், பேர், செல்போன் எண் எல்லாம் இருக்கும். அதற்கு முந்தைய வாரம் அந்த வயலில் என்ன நடந்தது என்பது மட்டும் இருக்காது.

போன மாதம் காரிமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு இளம் விவசாயி போன் செய்தார். கேள்வி பயிரைப் பற்றி அல்ல. “சார், நீங்க பழைய ஆம்னி வெச்சிருந்தீங்கன்னு அப்பா சொன்னாரு. எங்க வண்டிக்கு டைமிங் பெல்ட் மாத்தினோம். மாத்தின நாள்ல இருந்து ஸ்டார்ட் ஆகல. மெக்கானிக் பேட்டரி மாத்தச் சொல்றாரு. மாத்தலாமா?” என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமும் வந்தது. 2010-ஆம் வருடம் நான் இதே இடத்தில் நின்றவன். அந்தத் தம்பிக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். காரில் தொடங்கினாலும் இது காரோடு முடிகிற கதை இல்லை.

ஆம்னி வந்த கதை

அப்போது எனக்குப் பாலக்கோடு பக்கம் வேலை. அலுவலக ஜீப் ஒன்று, அதிகாரிகள் பலர். மாரண்டஅள்ளி, வெள்ளிச்சந்தை என்று ஒரே நாளில் நாலு ஊர் போக வேண்டுமென்றால் பஸ்ஸை நம்ப முடியாது. அதனால் 1998 மாடல் மாருதி ஆம்னி ஒன்றை இரண்டாம் கையாக வாங்கினேன்.

நம் பக்கத்தில் அந்த வண்டியைத் தெரியாதவர் இல்லை. 1984-ல் ‘மாருதி வேன்’ என்று வந்து, பிறகு ‘ஆம்னி’ ஆகி, 2019-ல்தான் தயாரிப்பு நின்றது. மாருதி 800 காரில் இருந்த அதே 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின். முன் சீட்டைத் தூக்கினால் அடியில் எஞ்சின் இருக்கும். பின் சீட்டைக் கழற்றிவிட்டால் பத்துப் பதினைந்து பெட்டி தக்காளி ஏறும். ஆஸ்பத்திரிக்கும் அதுதான், சந்தைக்கும் அதுதான், குலதெய்வம் கோயிலுக்கும் அதுதான். என் வண்டியில் விதை மூட்டையும் மண் மாதிரிப் பைகளும் எப்போதும் கிடக்கும்.

அந்த ஜூலை மாதம் எஞ்சின் பக்கம் லேசாக ‘கிறீச்’ சத்தம். ஊரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். “டைமிங் பெல்ட் மாத்தி எவ்வளவு நாளாச்சு சார்?” என்றார்கள். எனக்குத் தெரியாது. எனக்கு விற்றவருக்கும் தெரியாது. “அறுந்தா நடுரோட்ல நின்னுடும்” என்றார்கள். நான் போக வேண்டிய வழியில் தொப்பூர் கணவாய் உண்டு. சரி, மாற்றிவிடுங்கள் என்று சாவியைக் கொடுத்தேன்.

மறுநாள் மாலை போனேன். புதுப் பெல்ட் போட்டாயிற்று. வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை.

மூன்று நாள் வைத்தியம்

காலையில் நானே ஓட்டிக்கொண்டு போய் விட்ட வண்டி அது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது. எஞ்சின் பிடிக்கவில்லை. நாலு தடவைக்கு ஒரு தடவை கார்புரேட்டர் வழியாக ‘டப்’ என்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை. அவ்வளவுதான்.

“பழைய வண்டி சார், பிளக் போயிருக்கும்” என்றார்கள். மூன்று பிளக்கும் மாற்றினோம். பிடிக்கவில்லை. “கார்புரேட்டர்ல தூசி” என்றார்கள். கழற்றிக் கழுவினார்கள். பிடிக்கவில்லை. மறுநாள் காயில் மாற்றினார்கள். அதற்குள் ஸ்டார்ட்டரை அடித்து அடித்துப் பேட்டரி இறங்கிவிட்டது. பேட்டரி இறங்கியதும், “பாருங்க சார், பேட்டரி வீக். அதுதான் பிடிக்கல” என்றார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். வண்டி பிடிக்காததால் ஸ்டார்ட்டரை அடித்தோம். அடித்ததால் பேட்டரி இறங்கியது. இறங்கிய பேட்டரியைக் காட்டி, இதுதான் நோய் என்கிறோம். நாமே உண்டாக்கிய பலவீனம் நோயின் காரணமாகிவிட்டது. நான் வேளாண்மைப் பட்டம் படித்தவன். இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, புதுப் பேட்டரிக்கும் பணம் கொடுத்தேன். மூன்று நாளில் பெல்ட் கூலியைத் தவிர நாலாயிரம் ரூபாய்க்கு மேல் போய்விட்டது. வண்டி போட்ட இடத்திலேயே கிடந்தது.

அந்த ஒர்க்‌ஷாப் ஆட்கள் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. அவர்களுக்கும் வேர்த்தது. ஆனால் எல்லாருமே ‘அடுத்து எதை மாற்றலாம்’ என்று பார்த்தோமே தவிர, ‘என்ன நடந்தது’ என்று யாரும் பார்க்கவில்லை.

பெரியவர் கேட்ட கேள்வி

நாலாவது நாள், நெடுஞ்சாலை ஓரத்தில் சின்னக் கொட்டகை போட்டு வேலை பார்க்கும் ஒரு வயதான மெக்கானிக்கை என் நண்பர் கூட்டி வந்தார். எல்லாரும் அவரை ‘அண்ணன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வந்தவர் வண்டியைத் தொடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து டீ வாங்கிக் குடித்தார். பிறகு என்னைப் பார்த்து, “சார், இங்க விடறதுக்கு முன்னாடி வண்டி ஓடிச்சா?” என்றார்.

“நானே ஓட்டிட்டு வந்தேண்ணா.”

“மிஸ்ஸிங், திணறல் ஏதாவது?”

“இல்ல. சத்தம் மட்டும்தான்.”

“கடைசியா என்ன வேலை பார்த்தாங்க?”

“டைமிங் பெல்ட்.”

“அதுக்கப்புறம் பிளக், காயில், கார்புரேட்டர், பேட்டரி. இது எல்லாமே பிடிக்காம போன பிறகு மாத்தினது. அப்படித்தானே?”

“ஆமாண்ணா.”

“அப்போ இந்த நாலும் குத்தவாளி இல்ல சார். பெல்ட்டுக்கு முன்னாடி வரைக்கும் இதுங்க வேலை செஞ்சிட்டு இருந்துச்சுங்க. கடைசியா கை வெச்சது எங்கேயோ அங்கதான் முதல்ல பார்க்கணும்.”

கேட்க எவ்வளவு எளிதாக இருக்கிறது! மூன்று நாளில் யாருக்கும் தோன்றவில்லை.

ஆனால் அவர் உடனே பெல்ட் மூடியையும் கழற்றவில்லை. “பெல்ட் வேலை பார்க்கும்போது வேற எதையாவது கழட்டியிருப்பாங்க. அதையும் பார்க்கணும்” என்று சொல்லி, எர்த் ஒயர், பெட்ரோல் குழாய், டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து பிளக்குக்குப் போகும் ஒயர்களின் வரிசை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். நனைந்திருந்தது. அதாவது பெட்ரோல் வருகிறது. அந்த ஈரத்தைத் துடைத்துவிட்டு, பெட்ரோல் வாடை இல்லாத இடமாகப் பார்த்து பிளக்கைப் பாடியில் வைத்துச் சுற்றச் சொன்னார். நீலப் பொறி நன்றாக வந்தது. தீயும் இருக்கிறது, எண்ணெயும் இருக்கிறது. பிறகு ஏன் பிடிக்கவில்லை?

அடுத்துச் செய்ததுதான் என் மனதில் நின்றுவிட்டது. மூன்று பிளக்கையும் கழற்றிவிட்டு, ஒரு ஓட்டையைக் கட்டைவிரலால் அழுத்தி மூடிக்கொண்டு, ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொன்னார். நல்ல எஞ்சின் என்றால் உள்ளே அழுத்தப்படும் காற்று விரலை வெளியே தள்ளிவிடும். இங்கே லேசாகத்தான் தள்ளியது. இரண்டாவது ஓட்டை, மூன்றாவது ஓட்டை, எல்லாவற்றிலும் அதே கதைதான்.

கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “ஒரு சிலிண்டர்ல மட்டும் காத்து குறைஞ்சா அது வியாதி சார். வால்வு தேஞ்சிருக்கும், ரிங் போயிருக்கும். மூணுலயும் ஒரே நாள்ல ஒரே மாதிரி குறைஞ்சா அது வியாதி இல்ல. யாரோ செஞ்ச வேலை.”

பழைய பெயிண்ட் குறி

டைமிங் பெல்ட் என்பது எஞ்சினின் அடியில் இருக்கும் கிராங்க் தண்டையும் மேலே இருக்கும் கேம் தண்டையும் இணைக்கும் பல் வைத்த ரப்பர் பெல்ட். கிராங்க் சுற்றினால் பிஸ்டன் ஏறி இறங்கும். கேம் சுற்றினால் வால்வுகள் திறந்து மூடும். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும்போது கேம் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். அதனால்தான் மேலே உள்ள புல்லியில் கீழே உள்ளதைப்போல இரண்டு மடங்கு பற்கள் இருக்கும். பிஸ்டன் மேலே வரும் நேரமும் வால்வு மூடும் நேரமும் ஒத்துப்போனால்தான் உள்ளே போன காற்று அழுத்தப்படும். பெல்ட் சில பல் தள்ளி உட்கார்ந்தால் வால்வு நேரம் தப்பித் திறக்கும். காற்று அழுத்தம் குறையும், எஞ்சின் கார்புரேட்டர் பக்கம் தும்மும்.

இந்த ஒத்துப்போகுதலைக் காட்டக் கம்பெனியே கிராங்க் பக்கம் ஒரு குறியும் கேம் புல்லியில் ஒரு குறியும் போட்டிருக்கும். பெல்ட் மாட்டும்போது இரண்டும் அதனதன் எதிர்க்குறியைப் பார்த்து நிற்க வேண்டும்.

அண்ணன் மூடியைக் கழற்றினார். கேம் புல்லியில் பளிச்சென்று ஒரு வெள்ளைப் பெயிண்ட் கோடு. அது எதிர்க்குறிக்கு நேராக அழகாக நின்றது. வேலை பார்த்த பையன், “பாருங்கண்ணா, கரெக்டாத்தானே வெச்சிருக்கேன்” என்றான்.

அண்ணன் துணியில் பெட்ரோல் நனைத்துப் புல்லியை நன்றாகத் துடைத்தார். அழுக்கு போனதும், பெயிண்ட் கோட்டுக்கு மூன்று பல் தள்ளி, சின்னதாக ஒரு குழிப் புள்ளி தெரிந்தது. அதுதான் கம்பெனி குறி. வெள்ளைக் கோடு, எனக்கு முன்னால் வண்டி வைத்திருந்தவர் காலத்தில் எந்த மெக்கானிக்கோ ஏதோ வேலைக்காக அடையாளத்துக்குப் போட்டது. பையன் அந்தக் கோட்டை நம்பினான். அவன் மேல் குற்றம் சொல்ல முடியவில்லை. அதுதான் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தது.

டென்ஷனரைத் தளர்த்தி, பெல்ட்டை எடுத்து, சரியான புள்ளியில் வைத்து மாட்டினார். உடனே சாவி போடவில்லை. வண்டியை நியூட்ரலில் வைத்து, பிளக் கழற்றியபடியே, கிராங்க் போல்ட்டில் ஸ்பானர் போட்டு, எஞ்சின் சுற்றும் திசையிலேயே இரண்டு முழுச் சுற்றுக் கையால் மெதுவாகச் சுற்றினார். எங்கும் முட்டவில்லை. இரண்டு குறிகளும் மறுபடி சரியாக வந்து நின்றன. டென்ஷனரை இறுக்கி, இன்னொரு தடவை இரண்டு சுற்று. பிறகுதான் பிளக் போட்டு, “இப்ப அடிங்க சார்” என்றார்.

பழைய பேட்டரியையே மாட்டித்தான் அடித்தேன். அதை முந்தின நாள் சார்ஜுக்குப் போட்டிருந்தார்கள். இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டது.

அண்ணன் இன்னொன்றும் செய்தார். மூடியைப் போடும் முன் ஸ்க்ரூ டிரைவரால் அந்தப் பழைய வெள்ளைக் கோட்டைச் சுரண்டி எடுத்தார். “இது இருந்தா அடுத்தவனும் ஏமாறுவான்” என்றார்.

எனக்கு உறைத்தது

காசு கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தேன். சந்தோஷமாக வீட்டுக்குப் போக வேண்டியவன். பாதி வழியில் வண்டியை ஓரம் கட்டிவிட்டேன். ‘மூணுலயும் ஒரே நாள்ல ஒரே மாதிரி குறைஞ்சா அது வியாதி இல்ல, யாரோ செஞ்ச வேலை.’ அந்தப் பேச்சு எனக்குள் எதையோ இடித்துக்கொண்டே இருந்தது.

பத்து நாளைக்கு முன் பாலக்கோடு பக்கத்தில் ஒரு கிராமத்தில் ஒரு விவசாயி என் வண்டியை மறித்தார். ஒரு ஏக்கர் தக்காளி. பூ விட ஆரம்பித்த பருவம். “சார், செடி எல்லாம் திருகிக்கிட்டு நிக்குது. ஒரு பார்வை பாத்துட்டுப் போங்க” என்றார். தக்காளி தோட்டக்கலைத் துறையின் பயிர். நியாயமாகப் பார்த்தால் நான் அந்தத் துறை அலுவலரிடம் அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் கிராமத்தில் யார் வண்டியை நிறுத்துகிறாரோ அவரே அதிகாரி. நானும் பெருமையாக இறங்கிப் போனேன்.

இலைகள் சுருண்டிருந்தன. குருத்து திருகியிருந்தது. அந்த வருடம் எங்கள் பக்கம் இலைச்சுருள் வைரஸ் பற்றிப் பேச்சாகவே இருந்தது. அதற்கு முந்தைய வாரம்தான் இரண்டு தோட்டத்தில் பார்த்துவிட்டு வந்திருந்தேன். ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. “வைரஸ்ங்க. வெள்ளை ஈ பரப்புது. மருந்து கிடையாது. பிடுங்கி அழிச்சிடுங்க, இல்லன்னா பக்கத்துக் காட்டுக்கும் போயிடும்” என்று சொல்லிவிட்டு, டைரியில் ‘இலைச்சுருள் வைரஸ்’ என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஓரம் கட்டிய வண்டியில் உட்கார்ந்து அந்தத் தோட்டத்தைக் கண்ணுக்குள் கொண்டுவந்தேன். இலைச்சுருள் வைரஸ் எப்படி வரும்? வெள்ளை ஈ எங்கே உட்கார்ந்ததோ அங்கே ஒரு செடி, அங்கே இரண்டு செடி என்று திட்டுத்திட்டாகத் தொடங்கும். நாளாக நாளாகப் பரவும். ஒரு செடி முற்றியிருக்கும், பக்கத்துச் செடி நன்றாக இருக்கும். ஆனால் நான் பார்த்த தோட்டத்தில் சால் பிடித்தாற்போல எல்லாச் செடியும் ஒரே மாதிரி, ஒரே அளவில் திருகியிருந்தன. மூன்று சிலிண்டரிலும் ஒரே நாளில் காற்று குறைந்த மாதிரி.

வண்டியைத் திருப்பினேன்.

தோட்டத்தில்

நான் போனபோது பாதி ஏக்கர் காலியாக இருந்தது. பிடுங்கிய செடிகள் வரப்போரம் குவிந்து காய்ந்து கிடந்தன. மீதிப் பாதிக்கு ஆள் கிடைக்காததால் விட்டுவைத்திருந்தார்கள்.

நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, பத்து நாளைக்கு முன்பு கேட்டிருக்க வேண்டிய கேள்வி. “அண்ணா, செடி திருகறதுக்கு முன்னாடி கடைசியா என்ன செஞ்சீங்க?”

யோசித்தார். “புழுவுக்கு மருந்து அடிச்சோம் சார். அதுக்கு ஒரு வாரம் கழிச்சு இப்படி ஆச்சு.”

“எந்த டேங்க்ல அடிச்சீங்க?”

“நம்ம டேங்க்தான். பங்காளி ராகிக்குக் களை மருந்து அடிக்க வாங்கிட்டுப் போயிருந்தான். திருப்பிக் கொடுத்த மறுநாள் அடிச்சோம்.”

“கழுவினீங்களா?”

“ஒரு குடம் தண்ணி ஊத்திக் கழுவினோம் சார்.”

பங்காளி வீட்டில் அந்தக் காலி டப்பா கிடந்தது. 2,4-டி. ராகி, கரும்பு, சோளம் போன்ற புல் வகைப் பயிர்களில் அகன்ற இலைக் களையைக் கொல்லும் பழைய மருந்து. ராகிக்கு அதனால் கேடில்லை. ஆனால் தக்காளி, பருத்தி, திராட்சை மூன்றும் அதற்குப் பயந்த பயிர்கள். டேங்கின் அடியிலும் குழாயிலும் ஒட்டியிருக்கும் மிச்சமே போதும், இலை குறுகி, நரம்பு நெருங்கி, குருத்து முறுக்கிக்கொள்ளும். தூரத்திலிருந்து பார்த்தால் வைரஸ் மாதிரியே இருக்கும். பக்கத்து வயலில் காற்றடிக்கும்போது தெளித்தாலும் இதே கதிதான்.

விட்டுவைத்திருந்த செடிகளைக் குனிந்து பார்த்தேன். பழைய இலைகள் திருகியபடியே இருந்தன. ஆனால் பல செடிகளில் புதிதாக வந்த துளிர் நேராக வந்துகொண்டிருந்தது. பட்ட அளவு குறைவாக இருந்தால் செடி இப்படித் தேறிக்கொள்ளும். வைரஸ் பிடித்த செடி இப்படி நேராகத் துளிர்க்காது.

அதாவது, பிடுங்கிய பாதியிலும் பெரும்பகுதி பிழைத்திருக்கும்.

அந்த அம்மா களத்து ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “நீங்க சொன்னீங்கன்னுதான் சார் பிடுங்கினோம்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

“நான் சொன்னது தப்பும்மா. கேக்க வேண்டியதைக் கேக்காம சொல்லிட்டேன்” என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? நாற்றுக்கான செலவையாவது தருகிறேன் என்றேன். அவர் வாங்கவில்லை. “விடுங்க சார், எங்க டேங்க்தானே” என்றார் அவர் கணவர். மீதிப் பாதி தேறியது. வழக்கத்துக்குப் பதினைந்து இருபது நாள் தாமதமாகக் காய் பிடித்தது. அதை அவர் பாலக்கோடு சந்தையில் என்ன விலைக்குக் கொடுத்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருடம் அவர் என் வண்டியை மறிக்கவில்லை. பார்த்தால் கும்பிடு போடுவார், போய்விடுவார். அதையும் நான் நியாயம் என்றே எடுத்துக்கொண்டேன்.

அன்றிரவு டைரியில் ‘இலைச்சுருள் வைரஸ்’ என்று எழுதியதை அடித்துவிட்டு, ‘களைக்கொல்லி மிச்சம், தெளிப்பான் கழுவவில்லை, நான் கேட்கவில்லை’ என்று எழுதினேன். அடுத்த விவசாயிகள் கூட்டத்தில் ஊர்ப் பேர் சொல்லாமல், என் தவறைச் சொல்லியே பேசினேன். கூட்டம் முடிந்ததும் ஒருவர் தனியாக வந்து, “எங்க பருத்தியும் இப்படித்தான் சார் இருக்குது. டேங்க் எங்க மாமன் வீட்ல வாங்கினது” என்றார். அந்தப் பருத்தியை யாரும் பிடுங்கவில்லை.

வண்டிக்காரர்களுக்கு

காரிமங்கலம் தம்பிக்குச் சொன்னதை முறையாகச் சொல்லிவிடுகிறேன். பெல்ட் மாற்றிய பிறகு வண்டி பிடிக்கவில்லை என்றால்:

1. முதலில் ஸ்டார்ட்டரை அடிப்பதை நிறுத்துங்கள். பல எஞ்சின்களில், குறிப்பாக டீசல் எஞ்சின்களில், பெல்ட் தப்பியிருந்தால் பிஸ்டன் வால்வில் இடித்து வால்வு வளைந்துவிடும். என் ஆம்னி தப்பியது அதிர்ஷ்டம்.

2. சத்தத்தைக் கேளுங்கள். ஸ்டார்ட்டரே சுற்றவில்லை என்றால் பேட்டரி முனை, எர்த் ஒயர், ஸ்டார்ட்டர் ஒயர் ஆகியவற்றைப் பாருங்கள். வழக்கத்தைவிட லேசாக, தடையில்லாமல் வேகமாகச் சுற்றினால் காற்று அழுத்தம் இல்லை, பெல்ட்டைச் சந்தேகப்படலாம். வழக்கம்போலச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பொறியும் எரிபொருளும் வருகிறதா என்று பாருங்கள். கார்புரேட்டரிலோ சைலன்சரிலோ ‘டப்’ என்று வெடித்தால் பெல்ட் குறி அல்லது பிளக் ஒயர் வரிசை.

3. பெல்ட்டுக்காக வேறு எதையெல்லாம் கழற்றினார்கள் என்று கேளுங்கள். இப்போது வரும் பெட்ரோல் வண்டிகளில் கார்புரேட்டர் கிடையாது. கிராங்க், கேம் பக்கத்தில் சென்சார்கள் உண்டு. அதன் சாக்கெட் ஒன்றை மாட்ட மறந்தாலே போதும், பெல்ட் சரியாக இருந்தும் வண்டி பிடிக்காது. ஸ்கேனர் வைத்திருக்கும் இடத்தில் காட்டினால் சொல்லிவிடுவார்கள்.

4. குறியைத் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெயிண்ட் கோட்டை நம்ப வேண்டாம். கம்பெனி குறியை நம்புங்கள்.

5. மாட்டிய பிறகு கையால் இரண்டு முழுச் சுற்று. அதன் பிறகுதான் சாவி.

தம்பியின் வண்டியில் கோளாறு பெல்ட்டில் இல்லை. சென்சார் சாக்கெட் சரியாக உட்காரவில்லை. பேட்டரி காசு மிச்சம் என்று அடுத்த நாள் போன் செய்தார்.

இது காருக்கு மட்டும் பொருந்துவதில்லை. போர் மோட்டாரை ரிப்பேர் செய்து இறக்கிய பிறகு மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் மட்டும் குறைவாக வருகிறது என்று வருவார்கள். கிணற்றில் தண்ணீர் வற்றிவிட்டது என்று முடிவு கட்டி, இன்னொரு போர் போட ஆள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மூன்று ஃபேஸ் ஒயரில் இரண்டு இடம் மாறியிருந்தால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும், தண்ணீர் குறையும். மெயினை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனை வைத்து இரண்டு ஒயரை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். போர் போடுவதைப் பிறகு யோசிக்கலாம்.

தெளிப்பான் வைத்திருப்பவர்களுக்கு

களைக்கொல்லிக்குத் தனி டேங்க் வைத்துக்கொள்ளுங்கள். சிவப்புப் பெயிண்ட் அடித்து வையுங்கள். அதை யாருக்கும் இரவல் கொடுக்க வேண்டாம், உங்கள் மருந்து டேங்கையும் களைக்கொல்லிக்கு இரவல் கொடுக்க வேண்டாம். ஒரே டேங்க்தான் இருக்கிறது என்றால், ஒரு குடம் தண்ணீர் போதாது. மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசி, சலவை சோடா கரைத்த தண்ணீரை நிரப்பி, குழாய், நாசில் வழியாகவும் கொஞ்சம் அடித்துவிட்டு, இரவு முழுக்க ஊறவிட்டு, மறுநாள் மறுபடி அலசுங்கள். கழுவிய தண்ணீரை வாய்க்காலிலோ கிணற்றோரமோ கொட்ட வேண்டாம். அப்படிக் கழுவிய டேங்கைக்கூடத் தக்காளிக்கும் பருத்திக்கும் எடுக்காமல் இருப்பதே நல்லது.

கேள்வி எழுதுகிறவர்களுக்கு

இனி நம் பகுதிக்குக் கேள்வி எழுதும்போது நான்கு விஷயம் சேர்த்து எழுதுங்கள்.

ஒன்று, எந்த நாள் வரை பயிர் நன்றாக இருந்தது? இரண்டு, அதற்கு முந்தைய பதினைந்து நாளில் என்ன செய்தீர்கள்? உரம், மருந்து, தண்ணீர், விதை எதுவானாலும் யார் செய்தார்கள், எதை வைத்துச் செய்தார்கள் என்று எழுதுங்கள். மூன்று, பாதிப்பு வயல் முழுக்க ஒரே மாதிரியா, திட்டுத்திட்டாகவா? பக்கத்து வயலில் உண்டா? நான்கு, பாதிப்பு தெரிந்த பிறகு என்னவெல்லாம் அடித்தீர்கள்? இதை மறைக்க வேண்டாம். யாரும் திட்ட மாட்டோம். ஸ்டார்ட்டரை அடித்து இறங்கிய பேட்டரி எது, முதலில் வந்த கோளாறு எது என்று பிரித்துப் பார்க்க அது வேண்டும்.

முடிந்தால் பாதித்த செடியையும், அதே வயலில் நல்ல செடியையும் எடுத்துக்கொண்டு பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ, உங்கள் வட்டாரத்துத் தோட்டக்கலை அலுவலகத்துக்கோ நேரில் போங்கள். ஐந்து நிமிடத்தில் யாராவது பதில் சொன்னால், நான் உட்பட யாராக இருந்தாலும், “சார், நான் கடைசியா என்ன செஞ்சேன்னு நீங்க கேக்கலையே” என்று கேளுங்கள்.

அந்தத் தக்காளி விவசாயி ஒரு வருடம் கழித்து என் அலுவலகத்துக்கே வந்தார். கையில் இரண்டு அவரைக் கொடி. நாற்காலியில் உட்காரும் முன்பே, “சார், நான் கடைசியா என்ன செஞ்சேன்னு முதல்ல சொல்லிடறேன்” என்று ஆரம்பித்தார். நான் டைரியை எடுத்து வைத்துக்கொண்டு, அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் பேசவில்லை.